தண்டுவடக் காயத்தோடு வீட்டில் பத்து வருடம்: எது கைகொடுத்தது, எது காலை வாரியது

2015 செப்டம்பரில் எங்கள் தோப்பில் தென்னை மரத்திலிருந்து விழுந்தேன். முதுகில் டி10 என்ற இடத்தில், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் பத்தாவதில் அடி. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் மரத்திலிருந்து விழுந்து என்னைப் போல ஆனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி, "என்னென்ன சாமான் வாங்கணும்ங்க?" என்பதுதான். பத்து வருடத்தில் வாங்கியதையும் பழகியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏர் பெட். டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே வாங்கினோம். குமிழ் குமிழாக இருக்கும். மோட்டார் மாற்றி மாற்றிக் காற்றடிக்கும். இது இருந்தால் படுக்கைப் புண்ணே வராது என்றார் கடைக்காரர். நாங்களும் நம்பி, ராத்திரியில் திருப்பிப் படுக்க வைப்பதை விட்டுவிட்டோம். இரண்டாவது மாதம் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. மோட்டார் நின்று, காற்று இறங்கி, விடியும்வரை கட்டில் பலகை மேலேயே கிடந்திருக்கிறேன். வலி தெரியாத உடம்பு, எனக்கு எப்படித் தெரியும்? காலையில் முதுகு முடியும் இடத்தில், எலும்பின் மேல், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. வெறும் கறுப்புதானே என்று பவுடர் போட்டோம். பத்து நாளில் தோல் உடைந்தது. வெளியே தெரிந்தது நாணயம் அளவு. உள்ளே விரல் நுழையும் குழி. ஆறு மாதம் குப்புறக் கிடந்த பிறகுதான் ஆறியது.

ஏர் பெட் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பதோடு சேர்ந்தால் அது உதவும். திருப்ப வேண்டாம் என்று நினைத்து வாங்கினால் ஆளையே சாய்த்துவிடும். இப்போது நான் படுப்பது ஐந்து அங்குல ஃபோம் மெத்தையில். குப்புறப் படுத்துத் தூங்கப் பழகிக்கொண்டேன். நெஞ்சுக்கும் தொடைக்கும் கணுக்காலுக்கு மேலும் தலையணை வைத்தால் முட்டியும் கால்விரலும் மெத்தையில் படாமல் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டித்தான் இதைப் பழக வேண்டும்.

நான் வாங்கியதிலேயே விலை குறைந்த சாமான் ஒரு கைக்கண்ணாடி. அதை ஒரு நீளமான குச்சியில் கட்டி வைத்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தபடி பின்பக்கம், இடுப்பின் இரு பக்க எலும்பு, குதிகால், கணுக்கால் எல்லாம் பார்த்துவிடுவேன். புண்ணின் ஆரம்பம் சிவப்பாக இருக்கும் என்று படத்தில் காட்டுவார்கள். நம் தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், அது பழைய நிறத்துக்கு வரும்வரை அந்த இடத்தில் பாரம் படக் கூடாது. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய நேரத்தில் மனைவி, "ஏனுங்க, இந்த இடம் நேத்தைவிடக் கறுத்திருக்குதுங்க" என்றாள். சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடியும் குப்புறப் படுத்தேன். நெருங்கிய சொந்தம்தான், இன்னும் கோபம். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் இன்னொரு ஆறு மாதம் போயிருக்கும்.

வீல்சேர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது 18 அங்குல அகலம். என் இடுப்புக்கு 16 போதும். அகலமான நாற்காலியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, பாரம் முழுக்க ஒரே எலும்பில் விழும். அளவெடுத்து வாங்குங்கள், கைப்பிடி கழற்றுகிற மாதிரி இருக்கட்டும், கட்டிலுக்கு மாற அதுதான் வசதி. குஷன் இல்லாமல் ஒரு நாள்கூட உட்காராதீர்கள். காற்று குஷன் என்றால், உட்கார்ந்த பிறகு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் குஷனின் அடிப்பாகத்துக்கும் நடுவே அரை அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எந்த குஷனாக இருந்தாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்து, ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருப்பேன்.

அடுத்தது யூரின் டியூப். இதைப் பற்றித்தான் யாரும் வெட்கப்படாமல் பேசுவதில்லை. முதல் வருடம் முழுக்க நிரந்தர டியூபும் பையும்தான். காய்ச்சல், குளிர், ஊசி, மறுபடியும் காய்ச்சல். சிறுநீர்ப்பையில் கல் வந்து, அதை எடுக்கத் தனியாக ஒரு ஆபரேஷன். அப்புறம்தான் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்துக்குப் போனோம், பாகாயத்தில் இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அவருடைய முயற்சியில் 1966-ல் உருவான இடம் அது. என் அறைக்கு வெளியே அவர் படத்தை முதல் தடவை பார்த்தபோது வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன், வீல்சேரில்தான்.

அங்கே கற்றுக்கொடுத்தது, நேரத்துக்கு நேரம் நானே டியூப் விட்டு யூரின் எடுத்துவிட்டு, உடனே டியூபை வெளியே எடுத்துவிடுவது. சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான டியூபும் ஜெல்லியும் இருந்தால் போதும். ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை என்று 1972-ல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்க டாக்டர் ஜாக் லாபிடஸ். சிறுநீர்ப்பையில் யூரினைத் தேங்கவிடுவதுதான் பெரிய கெடுதல் என்பது அவர் சொன்ன காரணம். நான் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து என்று ஐந்து முறை எடுக்கிறேன். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் பார்த்து நோட்டில் எழுதினேன். 500 மில்லிக்கு மேல் போனால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன். பகலில் குறைக்க மாட்டேன். உங்களுக்கான இடைவெளியை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வருடம் ஒரு முறை கிட்னி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். யூரின் கலங்கி, நாற்றம் வந்து, கால் தானாக வெட்டி இழுப்பது வழக்கத்தைவிட அதிகமானால் எனக்குக் கிருமித் தொற்று தொடங்குகிறது. அப்போதும் எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு யூரினைக் கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை. முதல் வருடம் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் பிறகு எனக்கு வேலை செய்யாமல் போனது.

கழுத்தில் அடிபட்டவர்கள், டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் வீட்டில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டியூப் அடைத்தாலோ மலம் கட்டினாலோ திடீரென்று மண்டை வெடிக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, பிரஷர் கிடுகிடுவென ஏறும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், உடையைத் தளர்த்துங்கள், டியூப் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிருக்கே ஆபத்து.

மலம் போவதற்கு ஒரே மருந்து நேரம் தவறாமைதான். காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில், கமோடு நாற்காலியில், ஆசனவாய் மாத்திரை வைத்து, கையுறை போட்ட விரலால் மெதுவாகத் தூண்டிவிட வேண்டும். வழக்கத்துக்கு வர எனக்கு மூன்று மாதம் ஆனது. அதன் பிறகுதான் பயமில்லாமல் வெளியே போக ஆரம்பித்தேன்.

ஆள் வைத்துப் பார்த்ததும் உண்டு. ஒரு ஏஜென்சி மூலம் ஆறு மாதத்தில் நாலு பேர் மாறினார்கள். தண்டுவடம் அடிபட்டவரைத் தூக்கிப் பழகியவர் அதில் ஒருவரும் இல்லை. ஒருவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தே கட்டிலில் ஏற்றினார். மெத்தையில் உரசி உரசி பழைய புண்ணின் தழும்பே பிய்ந்தது. அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன் பிறகு மனைவியே தூக்கினாள், அவளுக்கு இடுப்பு வலி வந்தது. கடைசியில் எங்கள் ஊர் ஆசாரி இரண்டரை அடிப் பலகை ஒன்றை இழைத்து, முனையெல்லாம் மழுக்கிக் கொடுத்தார். வீல்சேருக்கும் கட்டிலுக்கும் நடுவே அதைப் பாலமாகப் போட்டு, கையை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நானே மாறிக்கொள்கிறேன். கட்டில் உயரத்தையும் வீல்சேர் உயரத்துக்குச் சரியாக அறுத்துவிட்டோம். இந்த இரண்டையும் முதல் மாதமே செய்திருக்கலாம். அவள் இடுப்பு தப்பித்திருக்கும்.

அரசு உதவியைக் கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எடுத்தால்தான் மற்றதெல்லாம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை எனக்கு வருகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வந்து பார்க்கிறார். முட்டி இறுகிப்போகாமல் இருப்பது அவரால்தான்.

போன மாதம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மனைவி மூன்று நாள் ஊருக்குப் போனாள். பத்து வருடத்தில் நான் வீட்டில் தனியாக இருந்தது அதுதான் முதல் முறை. டியூப் டப்பா, பலகை, குச்சிக் கண்ணாடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். மூன்று ராத்திரியும் பத்து மணிக்குக் கண்ணாடியில் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள், "நல்லா இருக்குதுங்க, தூங்குங்க" என்று பதில் வந்தது.