புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பெண் குழந்தைகளுக்கான உடைகள்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

காந்தி வீதியில் ஞாயிறுதோறும் விரியும் சண்டே மார்க்கெட்டில் குழந்தைத் துணிக்குக் குறைவே இல்லை. பருத்தி பனியன், டிராயர், வீட்டில் போடும் கவுன் இவற்றுக்கு அந்த இடத்தைத் தாராளமாகச் சொல்லலாம். ஐந்து முதல் பத்து வயதுப் பெண் குழந்தைக்கான பார்ட்டி உடையில்தான் கவனம் வேண்டும்.

அங்கே தொங்கும் பல உடைகள் குழந்தைக்கென்று வெட்டியவை அல்ல. சினிமாப் பாட்டில் கதாநாயகி போடும் டிசைனைச் சின்ன சைஸில் இறக்கியவை. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் புரிந்துவிடும். பெரிய பெண்கள் சட்டைக்கு மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் டாட் (கூராக முடியும் மடிப்புத் தையல்) அதிலும் இருக்கும். நேரான சின்ன உடம்பில் அந்த இடம் தொளதொளவென்று பைபோல நிற்கும். முதுகில் ஒற்றை நாடாவில் முடிச்சு. குழந்தை இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தாலே முடிச்சு தளரும், தோள் சரியும், விழா முடியும்வரை ஒரு கை தோளைப் பிடித்தபடியே இருக்கும். முழங்காலைக் கவ்வும் இறுக்கப் பாவாடையில் படி ஏற முடியாது. ஓடித் திரிய வேண்டிய வயதில் ‘அசையாம நில்லு, துணி கசங்கும்’ என்று நிறுத்திவைப்பது கொடுமை.

தெருக்கடையில் போட்டுப் பார்க்க அறை கிடையாது. போட்டிருக்கும் உடைக்கு மேலேயே மாட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பத்தடி ஓடிவரச் சொல்லுங்கள். நடுவில் குழந்தை துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டால் அந்த உடை வேண்டாம், எவ்வளவு மினுங்கினாலும் சரி.

சைஸ் எண் கடைக்குக் கடை மாறும், இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். குழந்தையின் மார்புச் சுற்றளவைவிட உடையின் சுற்றளவு 3 முதல் 4 இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும். பக்கத் தையலில் ஒரு இஞ்சும் கீழ் மடிப்பில் 2 இஞ்சும் விட்டிருந்தால் அடுத்த வருஷமும் பிரித்துப் போடலாம். மலிவான பார்ட்டி உடையில் முதலில் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

நெட், சமிக்கி உடைகளுக்குப் பருத்தி லைனிங் அக்குள்வரை முழுதாக ஓடுகிறதா என்று தடவிப் பாருங்கள். பாலியஸ்டர் லைனிங் நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வையை உறிஞ்சாது. கழுத்திலும் இடுப்பிலும் வேர்க்குரு வரும். இடுப்புத் தையலின் நெட் ஓரம் துணிப்பட்டை வைத்து மூடப்படவில்லை என்றால் தோலை அறுக்கும்.

செருப்பில் குதிகால் உயரம் ஒரு இஞ்சைத் தாண்ட வேண்டாம். அந்த வயதில் பாத எலும்புகள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. உயர்ந்த குதிகால் உடம்பின் பாரத்தை விரல்களின் மேல் தள்ளும், கணுக்காலும் எளிதில் பிசகும்.

டி-ஷர்ட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள். பையன்களுக்கும் இதேதான். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அந்த ஆங்கிலம் புரியாமல், பெரியவர்களின் கொச்சை வாசகம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சில் ஏறிவிடுகிறது.

விசேஷத்துக்கு என்றால் நேரு வீதிப் பக்கம் துணியாக எடுத்துத் தைப்பதே என் தேர்வு. ஏழு வயதுக்குப் பாவாடைக்கு இரண்டரை மீட்டர், சட்டைக்கு முக்கால் மீட்டர், அதோடு லைனிங். பாவாடையின் உள்பக்கம் ஒரு இஞ்ச் ஆழத்தில் இரண்டு டக் (பின்னால் பிரித்துவிடக்கூடிய மடிப்பு) பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றைப் பிரிக்கும்போதும் 2 இஞ்ச் நீளம் கிடைக்கும். தைப்பதற்கு முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கணும், பட்டுத் துணியைத் தவிர. இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, டக்கில் விட்ட நீளம் வீணாகிவிடும்.