மலையகத்துக்கு 1:50,000 இடவிளக்கப்படம்: வாங்கலாமா?

நில அளவைத் திணைக்களம் இலங்கை முழுவதையும் 92 தாள்களில் அடக்கிய தொடர் இது. ஒரு தாள் கிழக்கு மேற்காக 40 கிலோமீற்றர், வடக்கு தெற்காக 25 கிலோமீற்றர் நிலத்தைக் காட்டும். வாங்கும்போது தாளின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. எந்தத் தாள் எந்தப் பகுதிக்கு என்று காட்டும் சுட்டிப் படத்தில் உங்கள் தோட்டம் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஓரத்தில் விழுந்தால் பக்கத்துத் தாளும் தேவைப்படும்.

கைப்பேசி வரைபடத்தில் சரியாகப் பிடிபடாத சரிவுதான் இதன் பலம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 20 மீற்றர் உயரத்துக்கு ஒன்று, 100 மீற்றருக்கு ஒன்று தடித்தது. நெருக்கமான மெல்லிய கோடுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே அடிமட்டத்தை வையுங்கள். இடைவெளி 1 சென்ரிமீற்றர் என்றால் 500 மீற்றருக்கு 100 மீற்றர் ஏற்றம், ஐந்துக்கு ஒன்று. 2 மில்லிமீற்றர்தான் என்றால் 45 பாகை; அங்கே வீடு கட்டும் பேச்சே எடுக்கக் கூடாது. ஆனால் லயத்துக்குப் பின்னால் மண் வெட்டி எடுத்த 15 மீற்றர் செங்குத்துக் கரை இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்துபோகும். தாளில் சாதுவாகத் தெரியும் இடத்தையும் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

பாதையின் நீளத்தை நூல் வைத்து அளக்கலாம், 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். கொண்டை ஊசி வளைவுகள் இந்த அளவுத்திட்டத்தில் சுருங்கிவிடுவதால் றம்பொடை போன்ற இடங்களில் கணக்கு குறைவாகவே வரும்.

புவியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சித் தாள் இல்லை. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர் களனி கங்கைக்குப் போகிறது. தலவாக்கலையின் மேல் கொத்மலை நீர் மகாவலிக்கு. இடையிலுள்ள மலைமுகட்டைப் பென்சிலால் தொடர்ந்தால் நீர்ப்பிரிப்புக் கோடு தானாக விழும். மேல் கொத்மலை நீர்த்தேக்கம் 2012இல் திறக்கப்பட்டது. தலவாக்கலை அடங்கும் தாளில் அது இல்லையென்றால் கையில் இருப்பது பழைய பதிப்பு.

ஆள்கூறுகளில் கவனம் வேண்டும். இடங்களைக் குறிக்கும் சதுரக் கோடுகளான நாட்டின் கட்டச்சட்டம் பீதுருதாலகால உச்சியிலிருந்து புறப்படுகிறது. பழைய முறையில் அந்த உச்சியின் கிழக்கு, வடக்கு ஆள்கூறுகள் இரண்டும் 200,000 மீற்றர். புதிய முறையில் 500,000. கைப்பேசி காட்டும் அகலக்கோடு, நெடுங்கோட்டை அப்படியே பழைய தாளில் குறித்தால் இருநூறு மீற்றர் அளவுக்கு இடம் தள்ளிப்போகும். தேயிலை மலையில் அந்தத் தூரம் அடுத்த பள்ளத்தாக்கு.

நிர்வாக எல்லைக்கு இந்தத் தாளை நம்பவே வேண்டாம். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த, அம்பகமுவ என ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகள். பிறகு தலவாக்கலை, நோர்வூட், கொத்மலை மேற்கு, மத்துரட்ட, நில்தண்டாஹின்ன சேர்ந்து பத்தாகின. பழைய தாளைப் பார்த்துக்கொண்டு விண்ணப்பத்தோடு போனால் வேறு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள், ஒரு நாள் சம்பளம் போச்சு. தோட்டத்தின் டிவிசன் வேறு, கிராம உத்தியோகத்தர் பிரிவு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. பிரிவு எதுவென்று கிராம உத்தியோகத்தரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மடித்து வைத்தால் மடிப்பில் கோடுகள் தேய்ந்துவிடும், மலைப் பனியில் தாள் ஊறும். சுருட்டிக் குழாயில் போடுங்கள், இல்லையென்றால் லமினேட் செய்யுங்கள்.

படிப்புக்கும் நடைக்கும் தாராளமாக வாங்கலாம். வீட்டு நிலம் தெரிவு செய்ய இது போதாது. அதற்கு 1:10,000 தாளையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.