காண்டாகும் பிள்ளைக்கு எது கைகொடுக்கும்? மாலை மையங்களுக்கான ஓர் ஒப்பீடு

சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் மாலை ஐந்து மணிக்குக் கூடும் படிப்பு மையத்தை மனதில் வைத்து எழுதுகிறோம். பாடம் சொல்லித்தரும் ஒரு அக்கா, இருபது பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம். 2021 அக்டோபரில் தொடங்கிய தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆற்றங்கரைகளிலிருந்து குடும்பத்தோடு பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் பலர். பழைய பள்ளி, பழைய கூட்டாளிகள் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. பென்சிலைத் தொட்டதற்கு அடிதடி வந்தால் காரணம் பென்சில் இல்லை.

இப்படிக் காண்டாகும், அதாவது கோபம் தலைக்கேறும் பிள்ளை தன்னை அடக்கிக்கொள்ளப் பழக, வாராந்திர வாழ்க்கைத்திறன் வகுப்பு, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் தினசரி பத்து நிமிட வட்டம், அமைதி மூலை, வந்துபோகும் ஆலோசகர் என்று நான்கு வழிகள் பேசப்படுகின்றன. எதை எடுத்தாலும் முதலில் வயிற்றைப் பாருங்கள். மதியச் சத்துணவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வரும் பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. இருபது பேருக்கு முக்கால் கிலோ கொண்டைக்கடலை போதும். முந்தின இரவே ஊறப்போட வேண்டும். சுண்டல் கொடுத்த பிறகு வட்டம், அதன் பிறகு பாடம்.

வாராந்திர வகுப்பின் பலம், பயிற்சி பெற்றவர் வந்து நடத்துவது. பலவீனம், புதன்கிழமை கற்றது சனிக்கிழமைச் சண்டைக்கு உதவாது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பிள்ளைக்கு அந்த ஒரு வகுப்பும் போய்விடும். அச்சிட்ட அட்டைகளில் ‘சினம்’, ‘அச்சம்’, ‘துயரம்’ என்று இருக்கும். பிள்ளைகள் சொல்வதோ ‘காண்டாவுது’, ‘கடுப்பா இருக்கு’, ‘ஒரு மாதிரி இருக்கு’. தன் வாயில் வராத சொல்லை வைத்து யாரும் தன் கோபத்தை அடையாளம் காண முடியாது. டெல்லி அரசுப் பள்ளிகள் 2018 ஜூலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைத் தொடங்கியபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை அதற்குத் தினமும் ஒரு பீரியட் ஒதுக்கினார்கள். தினமும் என்பதுதான் இதில் உயிர்.

எங்கள் முதல் தேர்வு வட்டம்தான். அக்காவும் தரையில், பிள்ளைகளோடு. ஒவ்வொருவரும் ஒரே ஒரு சொல்: இன்றைக்கு எப்படி இருக்கு? ‘பாஸ்’ என்று சொல்லவும் உரிமை உண்டு. அடுத்த கேள்வி, அது உடம்பில் எங்கே தெரிகிறது? காது சூடாகிறதா, கை துறுதுறுக்கிறதா, வயிற்றைக் கலக்குகிறதா? கோபம் கைக்கு வருவதற்கு முன் காதுக்கு வருகிறது என்று கண்டுபிடித்த பிள்ளைக்கு, அடிப்பதற்கு முன் சில நொடிகள் கிடைக்கின்றன. பெரும்பாலான மையங்கள் தவறுவது இங்கேதான்: ‘ஏன்?’ என்று கேட்டுவிடுகிறார்கள். அப்பா குடித்துவிட்டு அடித்த கதை இருபது பேர் நடுவில் வெளிவரும். மறுநாள் அது கேலியாகத் தெருவில் திரும்பும். வட்டத்தில் ‘ஏன்’ வேண்டாம். தனியே பேசலாம்.

பிறகு ஒரு நிமிடம் மூச்சு: நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, ஆறு முறை. சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல மெதுவாக. வேகமாக இழுத்தால் தலை சுற்றும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைக்குக் கண் மூடுவதே பயம். தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். சிறுவர்கள் இதைக் கூச்சமாக நினைத்தால் கபடிக்குப் போங்கள். மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று பாடிப்போவதும் நீண்ட வெளிமூச்சுப் பயிற்சிதான். அவுட் ஆனவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து காத்திருப்பது வேறெந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

மூலை இரண்டாவது தேர்வு, அதுவும் வட்டம் ஒரு மாதம் ஓடிய பிறகு. அக்காவின் கண்ணில் படும் இடத்தில் ஒரு பாய், தண்ணீர், கிழிக்கப் பழைய செய்தித்தாள், புளியங்கொட்டை நிரப்பித் தைத்த துணிப்பை. ஐந்து நிமிடம், பிள்ளையே போகலாம், பிள்ளையே திரும்பலாம். ‘போய் மூலையில உட்காரு’ என்று ஒரு தடவை அதட்டினாலும் அது தண்டனை இடமாகிவிடும். பிறகு யாரும் தானாகப் போகமாட்டார்கள். பொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை நேராக அங்கே அனுப்புவதும் பயன் தராது. அந்த நேரத்தில் உடம்புக்கு வேலை வேண்டும்: சுவரைப் பத்து முறை தள்ளட்டும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வரட்டும். பேச்சு பிறகு.

ஆலோசகர் மற்ற மூன்றுக்கும் போட்டி அல்ல. திடீரென்று வாயடைத்துப்போன பிள்ளை, மீண்டும் படுக்கையை நனைக்கும் பிள்ளை, தன்னையே கீறிக்கொள்ளும் பிள்ளை ஆகியோருக்கு வட்டம் போதாது. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ முதல் நாளே சுவரில் எழுதுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று அக்கா வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் கொடுமை தெரியவந்தால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ‘உன்னைக் காப்பாற்றக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்’ என்பதே நேர்மையான வாக்கு.

கையிருப்பு குறைவென்றால் வாராந்திர வகுப்பை விடலாம், வட்டத்தை விடக்கூடாது. ஆனால் அது ஒரே முகத்தை நம்பி நிற்கிறது. அக்கா மாறும்போது பழையவரும் புதியவரும் ஒரு வாரமாவது சேர்ந்து உட்காரட்டும். போகும் நாளைப் பத்து நாள் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் எல்லாம் மாறிப்போன நாள் ஒன்று அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.