ஷெபாங் வரி: முழு முகவரியா, என்வ் தேடலா?

ஸ்கிரிப்டை எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரிதான் ஷெபாங். பைதான் ஸ்கிரிப்டில் அதன் #! குறிக்குப் பிறகு என்ன எழுதுவது என்பதில் லினக்ஸ் உலகம் இரண்டு கட்சியாகக் கிடக்கிறது. ஒரு கட்சி /யூஎஸ்ஆர்/பின்/பைதான்3 என்று முழு முகவரியையும் எழுதச் சொல்கிறது. மற்றது /யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைதான்3 என்று எழுதி, என்வ் என்ற சிறு நிரலைக் கொண்டு, நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் வரிசையான பாத் பட்டியலில் முதலில் அகப்படும் பைதானை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

என்வ் கட்சியிடம் நியாயம் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பைதான் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் இருக்கும். நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் /யூஎஸ்ஆர்/பின்னுக்குள் வழக்கமாக என்வ் மட்டும்தான். திட்டத்துக்கென்று தனிப் பைதான் வைத்துக்கொள்ளும் மெய்நிகர் சூழலில் நிரல் எழுதுபவருக்கும் அதுவே தோது.

இனி காவேரிப்பட்டினம் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றின் எடைமேடைக்கு வாருங்கள். டெபியன் லினக்ஸ் ஓடும் கணினி, லாரி எடையைப் படித்துச் சீட்டு அடிக்கும் ஸ்கிரிப்ட் என்வ் வரியோடு தொடங்குகிறது. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஜூன் மாதத்தில் யாரோ வேறு வேலைக்காகப் புதிய பைதானைத் தொகுத்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் வைத்துவிட்டுப் போனார். பாத் பட்டியலில் அந்த இடம்தான் முந்தி வரும். டெபியனின் நிறுவும் கருவியான ஏப்டி வழியாக நிறுவிய, எடைக்கருவியோடு பேச உதவும் பைசீரியல் மாட்யூலோ பழைய பைதானுக்கு மட்டுமே தெரியும். எழுத்தர் ஓட்டினால் மாட்யூல் இல்லை என்று பிழை வந்தது. ஆனால் அதே பைசீரியலை அழைக்கும், அதே என்வ் வரி கொண்ட இரவுச் சோதனை ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக ஒழுங்காக ஓடியது! டெபியனில் பயனரின் பணிகளுக்குக் கிரான் வழக்கமாகத் தரும் பாத், /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டோடு முடிந்துவிடுவதுதான் காரணம். இப்படிப் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்றாக நடக்கும் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முழு முகவரி எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஃபெடோரா லினக்ஸின் விதிகள், நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதிகளில் என்வ்வைத் தடுப்பதும், டெபியனின் பைதான் கொள்கை முழு முகவரியை விரும்புவதும் இதனால்தான். என்வ்வுக்கு இன்னொரு குறையும் உண்டு: இன்டர்பிரட்டருக்குப் பின்னால் வருவது அத்தனையையும் லினக்ஸ் கெர்னல் ஒரே வாதமாகக் கட்டிக் கொடுக்கும். அதனால் பைதானுக்குக் கூடுதல் விருப்பம் சேர்க்க, 2018இல் என்வ் அடங்கிய கோர்யுடில்ஸ் தொகுப்பின் 8.30 பதிப்பு கொண்டுவந்த -எஸ் (பெரிய எழுத்து S) விருப்பம் தேவைப்படுகிறது.

என் கட்சி இது: மூல நிரலில் என்வ், பொதியில் முழு முகவரி. மாற்றும் வேலை பொதி கட்டுபவருடையது. டெபியனில் டிஎச்_பைதான்3, நிக்ஸில் பேட்ச்ஷெபாங்ஸ் என்று அதற்குக் கருவிகள் இருக்கின்றன.

பென் டிரைவில் வந்து இறங்கும் எடைமேடை ஸ்கிரிப்டுக்கு அந்தக் கருவிகள் எட்டாது. ஒன்று, முதல் வரியைக் கையால் திருத்த வேண்டும்; இல்லை, சின்னதாக ஒரு டெப் பொதி கட்ட வேண்டும். மாம்பழப் பருவத்துக்கு முன்பென்றால் பொதி கட்டுவேன். லாரிகள் வரிசையில் நிற்கும்போது வரியைத் திருத்திவிட்டு அடுத்த சீட்டை அடிக்கச் சொல்வேன்.