கேஸ் ஃபீடர் வாங்கி 3 மாசம்: மெஷின் தப்பு எவ்ளோ, என் தப்பு எவ்ளோ

நாலு ஸ்டார். முதல் மாசமே எழுத உக்காந்திருந்தா ரெண்டுதான் குடுத்திருப்பேன், அதுவும் பெரிய மனசு பண்ணி.

கம்பெனி பேரு வேணும்னேதான் போடல, ஏன்னா நான் பட்ட பாட்டுல பாதி நானே இழுத்து விட்டுக்கிட்டது. புதுசா வர்றவங்களுக்கு: சுட்டு முடிச்ச தோட்டாவோட காலி பித்தளை உறைதான் கேஸ், அதுல திரும்ப மருந்தும் குண்டும் வச்சு தோட்டா ஆக்கற மெஷின்தான் ரீலோடிங் பிரஸ், அதுக்கு கேஸ தானா எடுத்துக் குடுக்கறது கேஸ் ஃபீடர். என்னோடது 5 ஸ்டேஷன் ப்ரோக்ரஸிவ் ரீலோடிங் பிரஸ், தலைக்கு மேல மோட்டார் வச்ச கேஸ் ஃபீடர், லோட் பண்றது 9 எம்எம் துப்பாக்கித் தோட்டா மட்டும். ஹூஸ்டன் பக்கம் இருக்கேன், மாசத்துல ரெண்டு ஞாயிறு யுஎஸ்பிஎஸ்ஏ மேட்ச் (துப்பாக்கி சுடற போட்டி), ஒரு மேட்ச்சுக்கு சுமாரா 150 ரவுண்டு காலி ஆகும், ப்ராக்டிஸ் தனிக்கணக்கு. ஊர்ல இருக்கவங்க பயப்படாதீங்க, இங்க சொந்த உபயோகத்துக்கு தோட்டா செஞ்சுக்க லைசன்ஸ் தேவையில்ல, செஞ்சு விக்கணும்னாதான் டைப் 06 லைசன்ஸ் வாங்கணும். இந்தியால ஆயுதச் சட்டம் 1959 இருக்கு, லைசன்ஸ் இல்லாம இத நினைச்சுக்கூட பாக்க முடியாது.

முன்னாடி சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வச்சிருந்தேன். ஒவ்வொரு கேஸையும் கையில எடுத்து வை, இழு, எடு, அடுத்த டை, அதாவது அச்சு, மாத்து, திரும்ப முதல்ல இருந்து வை. 100 ரவுண்டு முடிக்கறதுக்குள்ள ராத்திரி சாப்பாடு ஆறிடும். ப்ரோக்ரஸிவ்ல ஷெல்பிளேட்னு ஒரு வட்டத் தட்டு இருக்கு, ஒரு இழுப்புக்கு ஒரு ஸ்டேஷன் நகரும், பழைய ப்ரைமர (அடியில தீ பத்த வைக்கற குட்டி மூடி) எடுத்து கேஸ சரியான அளவுக்கு சைஸ் பண்றது, புது ப்ரைமர், பவுடர் (வெடிமருந்து), குண்டு வைக்கறது, கிரிம்ப் (கேஸ் வாய இறுக்கறது) எல்லாம் வேற வேற கேஸ்ல ஒரே நேரத்துல நடக்கும், தட்டு நிறைஞ்சதுக்கு அப்புறம் இழுப்புக்கு ஒரு தோட்டா வந்து விழும். கேஸ் ஃபீடரும் இருந்தா கேஸ் வைக்கற வேலையும் மிச்சம், குண்டு மட்டும் வச்சா போதும். விளம்பரத்துல அப்படித்தான் சொல்றாங்க.

அது வேலை செய்யற விதம் தெரிஞ்சாதான் எங்க மாட்டுதுன்னு புரியும், அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க. மேல சாய்ஞ்ச மாதிரி ஒரு பெரிய கிண்ணம், அடியில பள்ளம் வெட்டின தட்டு சுத்திட்டே இருக்கும், பள்ளத்துக்கு ஒரு கேஸ் படுத்துக்கிட்டு மேல ஏறும், உச்சிக்கு வந்ததும் அடிப்பக்கம் கனம்ங்கறதால அடி முதல்ல சரிஞ்சு ட்யூபுக்குள்ள விழும். ட்யூப் நிறைஞ்சா ஒரு குட்டி ஸ்விட்ச் மோட்டார நிறுத்திடும். நாம ஹேண்டில மேல விடும்போது கீழ இருக்கற தள்ளி, அதாங்க புஷர், ஒவ்வொரு கேஸா ஷெல்பிளேட்டுக்குள்ள தள்ளும். லீ பிரஸ்ல மோட்டார் இல்லாம நாலு ட்யூப்ல கேஸ் நிரப்பி திருப்பிவிடற முறையும் உண்டு, அங்கயும் கடைசில தள்ளிதான் உள்ள விடும்.

என் மெஷின்ல முதல் நாள் 10 இழுப்புக்கு ஒரு தடவ மாட்டுச்சு. சில கேஸ் தலைகீழா வந்துச்சு, சில கேஸ் ஷெல்பிளேட்டுக்குள்ள பாதி போயி சாய்ஞ்சு நிக்கும், அது தெரியாம நான் இழுத்தா சைஸிங் டை அது வாயில இடிச்சு "கறக்"னு ஒரு சத்தம், எடுத்துப் பாத்தா நசுங்குன சோடா மூடி மாதிரி இருக்கும். அன்னிக்கு மட்டும் 30 கேஸ் போச்சு. கஸ்டமர் சர்வீஸுக்கு போன் போட்டேன், அந்தப் பக்கம் இருந்த மனுஷன் ரொம்ப பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு புது புஷர் ஒண்ணு காசு வாங்காம அனுப்பினாரு. மாட்டினேன். அதே கறக்.

அப்பதான் மாமனார் கோயம்புத்தூர்ல இருந்து வந்திருந்தாரு. 30 வருஷம் பம்ப்செட் பட்டறை நடத்தினவரு, லேத் சத்தத்துலயே தூங்கினவரு, சும்மா இருப்பாரா. கராஜ்ல வந்து நின்னு பாத்துட்டு, "ஏனுங் மாப்ள, இதுக்கு எண்ணெ காமிச்சீங்களா?"ன்னாரு. நானும் அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தையல் மெஷின் எண்ணெய எடுத்து புஷர் ஓடற காடியில தாராளமா விட்டேன். ரெண்டு நாள்ல பித்தளைத் தூள், சிந்துன பவுடர், பழைய ப்ரைமர் கரி எல்லாம் சேந்து கருப்பு சாந்து மாதிரி ஆகி புஷர் நகரவே மாட்டேங்குது. அந்த இடம் காய்ஞ்சு சுத்தமா இருக்கணும், கிரீஸ் போட வேண்டிய இடம் வேற. கழட்டி ஆல்கஹால்ல துடைச்சு எடுக்க ஒரு சனிக்கிழமை முழுசா போச்சு.

ஆனா அவரு விடல. மறுநாள் காபி டம்ளர பிரஸ் பக்கத்துல டேபிள் மேல வச்சுட்டு, "இப்ப இழுங்க"ன்னாரு. இழுத்தேன். காபி அலையடிச்சு டபராவுல சிந்துச்சு. "டேபிள் ஆடுதுங் மாப்ள, ஆடற தரையில லேத்த போடுவாங்களா?" எனக்கு கொஞ்சம் ரோஷமாத்தான் இருந்துச்சு, ஏன்னா அந்த டேபிள் நானே செஞ்சது. போன்ல 240 ஃப்ரேம் ஸ்லோமோ போட்டு வீடியோ எடுத்துப் பாத்தா அவரு சொன்னது அப்படியே இருக்கு. ஹேண்டில் மேல போய் முட்டும்போது டேபிள் குலுங்குது, ட்யூப்ல இருந்து இறங்கற கேஸ் நேரா நிக்காம தள்ளாடுது, அது நிமிர்றதுக்குள்ள புஷர் வந்து தள்ளிடுது. டேபிள சுவத்துல மரக்கட்டை எங்க இருக்குன்னு பாத்து நீளமான போல்ட் போட்டு இறுக்கினேன். மாட்டறது பாதியா குறைஞ்சுது.

மிச்ச பாதி அதே வீடியோலதான் கிடைச்சுது. புஷர் கடைசி வரைக்கும் போகல, கேஸ் தட்டோட காடியில ஒரு நகக்கண் அளவு வெளிய நிக்குது. புஷர் எவ்ளோ தூரம் போகணும்னு செட் பண்ண ஒரு ஸ்க்ரூ இருக்கு, கால் சுத்து திருப்பினேன், கேஸ் உள்ள போய் "டிக்"னு உக்காந்துச்சு. ரொம்ப திருப்பிட்டாலும் ஆபத்து, புஷர் கேஸ அழுத்தி பிடிச்சுக்கும், தட்டு சுத்தாது. இன்னொண்ணு, ஷெல்பிளேட் நடுவுல இருக்கற போல்ட் என்னோடதுல தானா லூஸ் ஆகியிருந்துச்சு, தட்டு லேசா தூக்கிட்டு நின்னா கேஸோட விளிம்பு காடிக்கு நேரா வராது. தட்டு சுத்தாத அளவுக்கு இறுக்கிட்டு, சுத்தற அளவுக்கு மட்டும் ஒரு துளி பின்னாடி விட்டு, லாக் ஸ்க்ரூ போடணும்.

தலைகீழா வர்ற கேஸ் விஷயத்துல முக்கால்வாசி என் தப்பு. கிண்ணத்துல ஆசைப்பட்டு ரொம்பிவழிய கொட்டினேன், ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டு போய் எக்குத்தப்பா விழுது. பாதிக்கு கொஞ்சம் மேல போட்டா போதும். கேஸ் லூப் ஸ்ப்ரே, அதாவது வழுக்கறதுக்கு அடிக்கற மசகு, அடிச்சுட்டு ஈரம் காயறதுக்கு முன்னாடியே கொட்டினதும் நான்தான், ஒட்டிக்கிட்டு ட்யூப்ல இறங்காது, 10 நிமிஷம் காய விடுங்க. லூப் இல்லாம வறண்டு போனா பிளாஸ்டிக் ட்யூப்ல ஸ்டாடிக் வந்து தொங்கும், துணி காய வைக்கற ட்ரையர் ஷீட்ட ட்யூபுக்குள்ள ஒரு தடவ இழுத்தா சரியாயிடும்.

அடுத்தது ரேஞ்ச்ல தரையில இருந்து பொறுக்கின பிராஸ், அதாவது காலி கேஸ். இதுல நான் கத்துக்கிட்டதுதான் அதிகம். 380 ஏசிபின்னு வேற ஒரு தோட்டாவோட கேஸ் பாக்க 9 எம்எம் மாதிரியே இருக்கும், நீளம் 17.3 மில்லி, நம்மளுது 19.15. ஃபீடர் தட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அழகா அனுப்பிடும், ஆனா விளிம்பு சின்னது, 9.5 மில்லிதான், நம்மளுது கிட்டத்தட்ட 10, அதனால ஷெல்பிளேட்ல கொழகொழன்னு ஆடும். 9 எம்எம் வாய்க்குள்ள 22 காலிபர் கேஸ் ஒண்ணு ஒளிஞ்சுட்டு வந்தா பழைய ப்ரைமர குத்தி எடுக்கற டீகேப்பிங் பின் போச்சு, நான் ரெண்டு பின் உடைச்சிருக்கேன். 40 காலிபர் கேஸுக்குள்ள 9 எம்எம் சொருகிட்டு வந்தா ஃபீடர் தட்டே நின்னு கிளட்ச் "டக் டக் டக்"னு அடிக்கும், அந்த சத்தம் கேட்டா உடனே மோட்டார நிறுத்துங்க, மல்லுக்கட்டாதீங்க. இப்ப வால்நட் ஓடு போட்டு டம்ளர்ல (காபி டம்ளர் இல்ல, கேஸ் பாலிஷ் பண்ற மெஷின்) பாலிஷ் ஆனதும் வெள்ளைத் துண்டுல பரப்பி அரிசில கல்லு பொறுக்கற மாதிரி பொறுக்கிட்டுதான் கொட்டறேன். வீட்டுக்காரம்மா இத பாத்துட்டு, "சமையலறைல இந்த பொறுமை எங்க போச்சு"ன்னு கேட்டா, பதில் இல்ல.

ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன். ஃபீட் மாட்டும்போது கோவத்துல ஹேண்டில முன்ன பின்ன ஆட்டக்கூடாது. நான் ஆட்டினேன். அப்புறம் பவுடர் ஸ்டேஷன்ல இருக்கற கேஸுக்கு பவுடர் விழுந்துச்சா, ரெண்டு தடவ விழுந்துச்சா, விழவே இல்லையான்னு எனக்கு தெரியல. ரெண்டு தடவ விழுந்தா துப்பாக்கியே வெடிக்கலாம், விழலேன்னா குண்டு பேரல்ல பாதில நின்னுக்கும், அது தெரியாம அடுத்தத சுட்டா கதை முடிஞ்சுது. அதனால மாட்டினா தட்டுல இருக்கற எல்லா கேஸையும் வெளிய எடுத்து, பவுடர கொட்டிட்டு, முதல்ல இருந்து ஆரம்பிக்கறேன். ஃபீடர சரி பண்றப்போ ப்ரைமரும் பவுடரும் மெஷின்லயே இருக்கக்கூடாது, வெறும் கேஸ் மட்டும் ஓட்டிப் பாருங்க, 50 கேஸ் வரிசையா மாட்டாம போனா அப்புறம் மத்தத சேருங்க. கண்ணாடி போட்டுக்கோங்க, ப்ரைமர் கரில ஈயம் இருக்கு, அதனால முடிச்சதும் கைய நல்லா கழுவிட்டு சாப்பிடுங்க.

இப்ப எப்படின்னா, போன வாரம் 400 ரவுண்டு, ரெண்டே தடவ மாட்டுச்சு, ரெண்டும் வாய் நசுங்கின கேஸ். சத்தம் ஜாஸ்திதான், மோட்டார் ஓடறப்போ தகர டப்பால கோலிகுண்டு போட்டு குலுக்கற மாதிரி இருக்கு, ராத்திரி 10 மணிக்கு மேல ஓட்டினா பக்கத்து வீட்டு நாய் குரைக்குது. மெஷின் வார்ப்பு, ஹேண்டில், டை உக்கார்ற துல்லியம் எல்லாம் குடுத்த காசுக்கு நியாயம். மாசத்துக்கு 300க்கு கீழ சுடறவங்க ஃபீடருக்கு காசு போடாதீங்க, கையிலயே வைங்க.

அந்த ஒரு ஸ்டார் குறைச்சது மேனுவலுக்கு. பெயிண்ட எப்படி துடைக்கணும்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்காங்க, புஷர் ஸ்க்ரூவ பத்தி கடைசி பக்கத்துக்கு முந்தின பக்கத்துல ரெண்டே வரி, அதுல ஒரு வரி "தேவைப்பட்டால் சரிசெய்யவும்".