ஸ்டாடிக்ஸை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆக்கியவர்கள்: ஒரு மார்க் ஷீட் மதிப்பீட்டு நிறுவனத்தில் என் அனுபவம்

எடிசன் ஊர்ப் பக்கம் இருக்கும் தோழிகள் சிலர் இந்த மதிப்பீட்டு நிறுவனம் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நியூ ஜெர்ஸியில் டீச்சர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, நம்மூர் மார்க் ஷீட்டுகளை, அமெரிக்கக் கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் கிரெடிட் என்ற அளவுக் கணக்குக்கு மாற்றித் தரும் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். பெயரைப் போடவில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

2025 ஜனவரி 1 முதல் இங்கே டீச்சர் ஆக எழுதவேண்டியிருந்த பிராக்சிஸ் கோர் என்ற அடிப்படைத் தேர்வை நீக்கிவிட்டார்கள். வகுப்பில் பாடம் நடத்துவதை வீடியோ எடுத்து அனுப்பும் எட்-டிபிஏ என்ற மதிப்பீட்டை 2022 டிசம்பரிலேயே நீக்கியாயிற்று. எல்லாம் ஆசிரியர் பற்றாக்குறையால்தான். செய்தியைப் படித்ததும் என் வீட்டுக்காரர், "எம்.எஸ்சி. மேத்ஸ், பி.எட்., திண்டுக்கல் பக்கம் ஆறு வருஷம் பிளஸ் டூ எடுத்திருக்கே. இனி என்ன, நேரா வேலைதான்" என்றார். வாசிப்பு, எழுத்து, கொஞ்சம் கணக்கு கேட்கும் அந்த கோர் தேர்வுக்கு நான் எப்போது பயந்தேன்? என் சிக்கல் வேறு. நடத்தப்போகும் பாடத்தில் 30 கிரெடிட், அதில் 12 கல்லூரியின் மேல்வகுப்புப் பாடமாக இருக்கவேண்டும் என்கிறது விதி. என் மார்க் ஷீட்டில் கிரெடிட் என்ற சொல்லே கிடையாது. பார்ட் த்ரீ என்ற பிரிவு, அல்லைடு என்ற துணைப்பாடம், 75க்கு 61 என்று மார்க், அவ்வளவுதான்.

அதற்குத்தான் இந்த நிறுவனம். அவர்கள் தளத்தில் இரண்டு வகை அறிக்கை உண்டு. பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்வது விலை குறைவு. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் போட்டுத் தருவது விலை கூட. நான் குறைந்ததை வாங்கினேன், மாநிலம் கேட்பதோ இரண்டாவதை. அவசரம் என் தப்புதான். ஆனாலும் "எதற்காக வாங்குகிறீர்கள்?" என்ற கேள்வியைப் பணம் கட்டிய பிறகு கேட்பது என்ன வழக்கமோ! மிச்சத் தொகையைக் கட்டினேன்.

அப்புறம் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகம் தரும் மொத்த மதிப்பெண் பட்டியல். பல்கலைக்கழகமே கவரை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் முத்திரை குத்தித் தரவேண்டும். முதல் கவரில் முத்திரை ஓரமாக விழுந்துவிட்டது, ஏற்கவில்லை. தம்பி மொத்தம் மூன்று தடவை பஸ் ஏறினான்.

ஒருவழியாக வந்த அறிக்கையைத் திறந்தால், ஸ்டாடிக்ஸ் (நிலையியல்) என்ற தாள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (புள்ளியியல்) ஆகியிருந்தது. டைனமிக்ஸ் என்ற இயக்கவியல் தாளை இயற்பியலில் தள்ளியிருந்தார்கள். நம்மூர் பி.எஸ்சி. மேத்ஸில் இரண்டுமே கணிதத் தாள்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? சிலபஸ் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பினேன். இங்கே அவர்களைப் பாராட்டியே ஆகவேண்டும். ஓர் அம்மாள் போனில் கூப்பிட்டு, அல்லைடு என்றால் என்ன என்பதில் தொடங்கி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே திருத்திய அறிக்கை வந்தது, கூடுதல் கட்டணம் இல்லை. மூன்றாவது நட்சத்திரம் அவருக்காக.

பாடத் தேர்வு மட்டும் இன்னும் உண்டு. பிராக்சிஸ் கணிதம், 66 கேள்வி, மூன்று மணி நேரம். கணக்கு பயமுறுத்தவில்லை. கிளார்க்ஸ் டேபிள் என்ற லாக் புத்தகத்தைப் புரட்டி வளர்ந்தவளுக்குத் திரையில் இருக்கும் கிராஃப் கால்குலேட்டர்தான் தண்ணி காட்டியது. அதன்பிறகு டீச்சர் வேலை தேடத் தகுதி தரும் சி.இ. சான்றிதழ் கைக்கு வந்தது. 50 மணி நேர முன்பயிற்சியும் முடித்தேன். இப்போது பகலில் ஏழாம் வகுப்பு, மாலையில் நானே மாணவி. வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி முடிக்கும் ஆல்டர்நேட் ரூட்டில் குறைந்தது 400 மணி நேரம் படித்தாகவேண்டும்.

தேர்வுகளை நீக்கியதை நான் குறை சொல்லவில்லை. உள்ளூரில் படித்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வெளிநாட்டில் படித்த கணக்கு டீச்சர்கள் நிற்கும் இடம் இந்தக் கவரும் முத்திரையும்தான். இந்த மதிப்பீட்டுச் செலவை வேலைக்கு எடுக்கும் பள்ளி மாவட்டமே ஏற்றால், எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்தே இரண்டு பேரை அனுப்பிவைப்பேன்.

இந்த நிறுவனத்திடமே போவதாக இருந்தால், பாடவாரி அறிக்கையை முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஊருக்கு லீவில் போகும்போது பழைய சிலபஸ் ஒரு காப்பி எடுத்து வாருங்கள். மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் இருந்தால் பெரும்பாலும் இங்கத்திய நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாகக் கொள்ளமாட்டார்கள், அதனால் எம்.எஸ்சி. மார்க் ஷீட்டையும் சேர்த்தே அனுப்புங்கள். கவரில் முத்திரை எங்கே விழுகிறது என்று கூட நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். என் தம்பியைக் கேட்காதீர்கள், அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.