விண்வெளியில் துப்பாக்கியா, ஏவுகணையா?

சுடுமா? இரண்டும் சுடும். தோட்டா மருந்திலேயே ஆக்சிஜன் தரும் பொருள் கலந்திருக்கிறது, ராக்கெட்டும் தனக்கானதைச் சுமந்தே செல்கிறது. காற்று வேண்டாம்.

பின்னுதைப்பு: 8 கிராம் குண்டு நொடிக்கு 400 மீட்டரில் பாய்ந்தால், 100 கிலோ எடையுள்ள வீரர் நொடிக்கு 3 சென்டிமீட்டர் பின்னால் நகர்வார். தோளில் வைத்துச் சுட்டால் சுழலவும் தொடங்குவார், அதுதான் பெரிய ஆபத்து. 1975-இல் சோவியத்தின் சல்யூட்-3 விண்வெளி நிலையம் தன் பீரங்கியைச் சுட்டபோது உள்ளே ஆள் இல்லை. ஏவுகணையில் இந்தத் தொல்லை குறைவு.

கோளாறு: துப்பாக்கியில் சாதாரண மசகெண்ணெய் ஆவியாகிவிடும், குழாயைக் குளிர்விக்கக் காற்றில்லை.
ஏவுகணையில் வால் இறக்கை வீண், பக்கவாட்டு உந்திகள் வேண்டும். வெடித்தாலும் அதிர்வலை பரவாது. சில்லுகளோ நேரடி மோதலோதான் தாக்கும்.

சில நூறு மீட்டருக்குள், ஓரிடத்தில் நிற்கும் இலக்குக்குத் துப்பாக்கி போதும். திசை மாற்றி விலகும் இலக்குக்கு ஏவுகணைதான்.